பைக்கைச் சாய்த்தாரா, கார் இடித்ததா? விபத்து சார்ட்டில் வரும் கோடிங் குழப்பங்கள்

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்டுகளைக் கோடு செய்கிறேன், அதாவது டாக்டர் எழுதிய காயத்தையும் விபத்தையும் பில்லுக்கான எழுத்து-எண் குறியீடுகளாக மாற்றுகிறேன். ஒரு பைக் விபத்து சார்ட்டில் டாக்டர் எழுதியது இவ்வளவுதான்: "சாலையில் கார் குறுக்கே வந்ததால் பைக்கைச் சாய்த்துவிட்டார். வலது காலில் டிபியா, ஃபிபுலா (கீழ்க்கால் எலும்புகள்) இரண்டிலும் ஓபன் ஃபிராக்சர் (தோல் கிழிந்த எலும்பு முறிவு). வலது கால், இடது முன்கையில் ரோட் ராஷ் (சாலைச் சிராய்ப்பு). கன்கஷன் (தலையில் அதிர்ச்சிக் காயம்)." விபத்துக் கோடாக நான் வி23 போட்டேன், ஆடிட்டர் வி28 என்று மாற்றிவிட்டார். யார் சரி? எலும்புக் கோடின் ஏழாவது கேரக்டர் (ஏழாவது இடத்து எழுத்து) பி என்றால், விபத்துக் கோடுக்கும் பி தானே?

பதில்: இந்த வரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆடிட்டர் பக்கம்தான் நியாயம். கார் குறுக்கே வந்தது என்று இருக்கிறதே தவிர, கார் மோதியது என்று எங்கும் இல்லை. ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் வி20 முதல் வி29 வரை பைக் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்கார்ந்தவருக்கும் உள்ள கோடுகள். எதன் மீது மோதல் என்பதை வைத்துத்தான் அவை பிரிகின்றன. கார், பிக்கப், வேன் என்றால் வி23. லாரி, பஸ் என்றால் வி24. கம்பம், தடுப்புச் சுவர் போன்ற அசையாத பொருள் என்றால் வி27. முன்னால் எந்த மோதலும் இல்லாமல் வண்டி கவிழ்ந்தாலோ ஆள் தூக்கி எறியப்பட்டாலோ வி28. ஆகவே விபத்துக்குக் காரணம் யார் என்பது நமக்குக் கணக்கே இல்லை. விழுவதற்கு முன் எதனோடாவது இடிபட்டாரா என்பதுதான் கேள்வி. கார் லேசாக உரசி, அதனால் விழுந்திருந்தால் வி23. ஒரு அங்குலம் தள்ளிப் போய், இவர் பயந்து பிரேக் அடித்துச் சரிந்திருந்தால் வி28.

சரி, அதே சார்ட்டில் ஆம்புலன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அதில் "கார் பக்கவாட்டில் இடித்தது" என்று இருந்தால் இரண்டு குறிப்புகளும் முரண்படுகின்றன. நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். "கார் மோதித்தானே விழுந்தார்?" என்று கேட்பது பதிலை வாயில் ஊட்டுவது. "கீழே விழுவதற்கு முன் மோதல் நடந்ததா? இல்லை, காருடன், நிலையான பொருளுடன், வேறு, தெரியவில்லை" என்று தேர்வுகளைத் திறந்து வைத்துக் கேளுங்கள். எந்தப் பதிலுக்குப் பணம் எவ்வளவு வரும் என்ற பேச்சே குவெரியில் வரக்கூடாது.

அடுத்து ஓட்டியவரா, பின்னால் இருந்தவரா. நான்காவது கேரக்டரில் பொதுச் சாலையில் ஓட்டியவருக்கு 4, பயணிக்கு 5, தெரியாவிட்டால் 9. பார்க்கிங் இடம், தனியார் மைதானம் போன்றவை பொதுச் சாலையில் சேராது. அங்கே 0, 1, 2. இடம் எழுதப்படாவிட்டால் பொதுச் சாலை என்றே கொள்ளலாம். 2022 அக்டோபரில் ஐந்தாவது கேரக்டர் சேர்ந்தது: மின்சார சைக்கிளுக்கு 1, மற்ற மோட்டார்சைக்கிளுக்கு 9. எனவே உங்கள் சார்ட்டுக்கு வி28.49எக்ஸ்ஏ (எக்ஸ் வெறும் இடநிரப்பி). பழைய சீட் ஷீட்டில் (கைக்குறிப்புத் தாளில்) உள்ள வி28.4எக்ஸ்எக்ஸ்ஏ இப்போது செல்லாது. இன்னும் பலர் அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஸ்கூட்டர்" என்று எழுதியிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மோட்டார் ஸ்கூட்டரும் மொபெட்டும் இந்தக் குடும்பம்தான். நின்றுகொண்டு ஓட்டும் மின்சார ஸ்கூட்டருக்கு வி00.84 வரிசை. டர்ட் பைக்குக்கு வி86. மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு வி30 முதல் வி39 வரை.

இனி ஏழாவது கேரக்டர். விபத்துக் கோடில் பி என்பதே கிடையாது. ஏ (ஆக்டிவ் சிகிச்சை), டி (ஆறும் கட்டம்), எஸ் (பின்விளைவு) மட்டும்தான். பி என்பது ஓபன் எலும்பு முறிவுக்கு; பி, சி என்ற பிரிவு முன்கை, தொடை, கீழ்க்கால் எலும்புகளுக்கு. கஸ்டிலோ (ஓபன் முறிவின் தீவிரத்தைப் பிரிக்கும் முறை) வகை 1, 2 என்றால் பி, 3ஏ, 3பி, 3சி என்றால் சி. டாக்டர் வகையைக் குறிப்பிடாமல் "ஓபன்" என்று மட்டும் எழுதினால் பி. முறிந்த எலும்பு இடம்பெயர்ந்ததா என்று சொல்லாவிட்டால் இடம்பெயர்ந்தது என்று கோடு செய்ய வேண்டும். ஓபனா குளோஸ்டா என்று சொல்லாவிட்டால் குளோஸ்ட். எலும்பின் நடுத்தண்டு நொறுங்கியது என்று சார்ட் சொன்னால் டிபியாவுக்கு எஸ்82.251பி, ஃபிபுலாவுக்குத் தனியாக எஸ்82.451பி. சொல்லாவிட்டால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் பாருங்கள்: டாக்டர் முறிவு என்று உறுதி செய்த பிறகு, எந்த இடம் என்ற விவரத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏ என்றால் முதல் விசிட் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை, ஆக்டிவ் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் ஏ. இரண்டு வாரம் கழித்து எலும்பு சர்ஜன் நெயில் (எலும்புக்குள் கம்பி) போட எடுத்தாலும் எலும்புக்கு பி-தான், விபத்துக் கோடுக்கு ஏ-தான். சிகிச்சை முடிந்து ஆறும் கட்டத்தில் வரும்போது விபத்துக் கோடுக்கு டி, ஓபன் முறிவு இயல்பாக ஆறிவந்தால் எலும்புக்கு இ அல்லது எஃப்.

ரோட் ராஷ் விஷயத்தில் கைவிரல் அவசரப்படும். வலது காலின் அதே இடத்தில் முறிவு இருப்பதால் அங்குள்ள சிராய்ப்பைத் தனியாகக் கோடு செய்யக் கூடாது. இடது முன்கைச் சிராய்ப்பு வேறு இடம், எஸ்50.812ஏ போடலாம். எது முதலில் என்று கேட்டால், டாக்டர் தீர்மானித்த மிகத் தீவிரமான காயம் முதலில். விபத்துக் கோடு ஒருபோதும் முதல் டயக்னோசிஸ் ஆகாது.

கன்கஷனில் நினைவு தப்பியதா என்பதே கோடைத் தீர்மானிக்கிறது. தப்பவில்லை என்றால் எஸ்06.0எக்ஸ்0ஏ, 30 நிமிடம் வரை என்றால் எஸ்06.0எக்ஸ்1ஏ, தப்பியது ஆனால் நேரம் தெரியாது என்றால் எஸ்06.0எக்ஸ்9ஏ. தப்பியதா என்பதே தெரியவில்லை என்றால் எஸ்06.0எக்ஸ்ஏஏ, இதுவும் 2022 அக்டோபரில் வந்தது. உங்கள் டாக்டர் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குவெரி அனுப்புகிற கையோடு இதையும் சேர்த்துவிடுங்கள். டாக்டர் "தலையில் அடி" என்று மட்டும் எழுதியிருந்தால், அறிகுறிகளை வைத்து நீங்கள் கன்கஷன் என்று முடிவு செய்ய முடியாது.

கிளாஸ்கோ கோமா ஸ்கோர் (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) ஒரு விதிவிலக்கு. தலைக்காய டயக்னோசிஸை டாக்டர் எழுதிவிட்டால், ஸ்கோரை ஆம்புலன்ஸ் ஊழியர் குறிப்பிலிருந்தே எடுக்கலாம். எடுத்த இடம் ஏழாவது கேரக்டரில் வரும்: சம்பவ இடத்தில் 1, எமர்ஜென்சிக்கு வந்தபோது 2. மயக்க மருந்து கொடுத்த பிறகு எடுத்த ஸ்கோரை எடுத்துக்கொள்ளக் கூடாது. வலதா இடதா என்பதையும் டாக்டர் விட்டிருந்தால் நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கலாம்; இரண்டும் முரண்பட்டால் மறுபடி குவெரிதான்.

விபத்துக் கோடுகள் நாடு முழுவதும் கட்டாயமில்லை. மாநிலமோ பேயரோ (பில்லுக்குப் பணம் தரும் காப்பீட்டு நிறுவனம்) கேட்டால் கட்டாயம். ஆனாலும் இதில் சோம்பல் வேண்டாம். வேலை நேரத்தில் டெலிவரிக்குப் போகும்போது விழுந்தார் என்று இருந்தால் ஒய்99.0 வரும், அப்போது பில் வொர்க்கர்ஸ் காம்ப் என்ற வேலைக்காயக் காப்பீட்டுக்குப் போக வேண்டியதாக இருக்கலாம். இடத்துக்கான ஒய்92, வேலையில் இருந்தாரா என்ற நிலைக்கான ஒய்99 இரண்டும் ஆரம்ப சிகிச்சையில் ஒருமுறை மட்டும். டி போடும் விசிட்டுகளில் அவை மீண்டும் ஏறியிருந்தால், பழைய கிளெய்மை காப்பி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.