நர்சம்மா பதில்கள்: பீட்ரூட் சிவப்பும் ரத்தச் சிவப்பும்

கேள்வி: நர்சம்மாவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. ஆறு மாதமாக ஒரே அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. மாதவிலக்கு ஏழெட்டு நாள் போகிறது. மருந்துக்கடையில் மல்டிவைட்டமின் கொடுத்தார்கள். 30 மாத்திரை 340 ரூபாய். 'இந்தக் காசுக்கு மாசம் பூரா கீரை வாங்கலாம்' என்கிறார் எங்கள் அத்தை. அவருக்கு 64 வயது. பத்து வருடமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கால் மரத்துப்போகிறது என்பதைத் தவிர என்னைவிடத் தெம்பாக இருக்கிறார். வீட்டில் கவிச்சி கிடையாது. ரத்தம் ஊறும் என்று தினமும் பீட்ரூட் போட்ட தட்டுவடை செட் சாப்பிடுகிறேன். பட்டறையில் நாலு வேளை டீ. மாத்திரையைத் தொடரட்டுமா, கீரை போதுமா?
வாசகி, குகை, சேலம்

பதில்: கண்ணு, மாத்திரையா கீரையா என்பதை அப்புறம் பேசுவோம். 'ஏழெட்டு நாள் போகிறது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டாயே, அதைப் படித்ததும் எனக்குப் பதைத்தது. மாதாமாதம் அவ்வளவு ரத்தம் போனால் உடம்பில் இரும்புச்சத்து எப்படி நிற்கும்? மூச்சு வாங்குவதும் முடி கொட்டுவதும் அதோடு பொருந்துகிறது. தைராய்டு கோளாறிலும் இதெல்லாம் வரும் என்பதால் ஊகத்தில் சொல்ல மாட்டேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு அது இருந்தது. நீ மட்டும் இல்லை.

இப்போது அந்த மாத்திரை அட்டையைத் திருப்பு. பொடி எழுத்தில் இரும்பு என்ற வரியைத் தேடு. சில மல்டிவைட்டமினில் இரும்பே இருக்காது. இருக்கிறவற்றிலும் பலவற்றில் கொஞ்சம்தான். அரசு சும்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் உண்டு. ரத்தசோகை என்று உறுதியானால் டாக்டர் தருவது அந்த மாதிரி மாத்திரையைத்தான். இருபது சத்தைத் துளித்துளியாகக் கலந்தது அந்த வேலையைச் செய்யாது. எனக்குப் பெரிய கவலை வேறு. 'அதான் மாத்திரை போடுறேனே' என்ற தைரியத்தில் இன்னும் ஆறு மாதம் ரத்தம் பார்க்காமல் தள்ளிவிடுவாய்.

அத்தை சொல்லும் கீரையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எட்டு வருடம் மலை ஏறி இறங்கியவள் நான். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 7. எனக்கே புரியவில்லை. ஒருநாள் அவள் சாப்பிடும் நேரத்துக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். தட்டைக் கழுவுவதற்கு முன்னாலேயே கையில் ஒரு லோட்டா கடுங்காப்பி! காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம், இரும்பு மாத்திரையும் கொடுத்தோம். பிரசவத்துக்குப் போகும்போது 10-ஐத் தாண்டியிருந்தது.

உன் நாலு வேளை டீயும் அப்படித்தான். சோற்றோடும் வேண்டாம், இரும்பு மாத்திரையோடும் வேண்டாம். கீரையை இறக்கிவைத்து, ஆவி அடங்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழி. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் அழியும். இரும்பை உடம்புக்குள் சேர்த்துவிடுவதே அந்த சி-தான். அல்லது சோற்றோடு ஒரு கொய்யா, ஒரு நெல்லிக்காய். இவ்வளவு செய்தாலும், 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் இரும்பு. பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது 29. ஏற்கெனவே விழுந்த பள்ளத்தைக் கீரையால் மட்டும் மூட முடியாது. மூடிய பிறகு மறுபடி விழாமல் காக்கத்தான் கீரை. பீட்ரூட்டின் சிவப்பு வெறும் சாயம்; 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. தட்டுவடை செட்டை ருசிக்குச் சாப்பிடு.

உன் அத்தையைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். கால் மரப்பது சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. கவிச்சி இல்லாத வீட்டில் பாலும் தயிரும்தான் வழி. அதுவும் பலருக்குப் பற்றாது. அவருக்கு பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். உனக்குத் தரும் சிவப்பு மாத்திரையை அவருக்குக் கொடுத்தும் பார்க்காதே. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் ரத்தம் தேறியது போலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வாரமே மாமியாரும் மருமகளும் சேர்ந்து போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். உதிரப்போக்கு அதிகம் என்பதை டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் பேச்சாகச் சொல், கண்ணு. எழுந்து வாசல்வரை வந்து திரும்பிச் சொல்லாதே.