எகிப்தியரின் கற்சில்லு விலங்குப் படங்கள் வெறும் கிறுக்கல்களா?

பண்டைய எகிப்தில் கற்சில்லுகளின் மேல் மையால் வரைந்த விலங்குப் படங்கள், வேலையாட்கள் பொழுது போகாமல் கிறுக்கியவைதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் உலவும் பூனைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறுவர் இதழ்களுக்கு விலங்குப் படங்கள் வரைந்தே பிழைப்பவன் என்பதால், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இவற்றில் பெரும்பாலானவை, எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் உள்ள டெய்ர் எல் மெதினாவில் கிடைத்தவை. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து, அவற்றின் சுவர்களில் ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. பாறையை வெட்டும்போது தெறித்த சுண்ணாம்புக்கல் சில்லுகள் அவர்களுக்குக் காசில்லாமல் கிடைத்தன. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள சில்லில், இருக்கையில் அமர்ந்திருக்கும் எலிக்கு முன்னால் ஒரு பூனை வாலை ஒடுக்கிக்கொண்டு நின்று, விசிறி வீசி, வாத்தையும் படைக்கிறது. கல்லறைச் சுவர்களில் பிரபுக்கள் விருந்துண்ணும் அதே அமைப்பில், பிரபுவின் இடத்தில் எலியை உட்கார வைத்திருக்கிறார் அந்த ஓவியர்.

கோரைத் தண்டின் நுனியை நசுக்கி நாராக்கி, கரி மை தொட்டு, ஒரு சுண்ணாம்புக்கல் துண்டில் அந்தப் பூனையை நானும் வரைந்து பார்த்திருக்கிறேன். கல் மையை உடனே உறிஞ்சிக்கொள்வதால், தயங்கி நிறுத்திய இடமெல்லாம் திட்டாகத் தெரிந்துவிடும்; முதுகின் வளைவை ஒரே வீச்சில் இழுத்து முடிக்கப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். நான் எகிப்தியல் கற்றவன் அல்லன் என்று யாரேனும் மறுக்கலாம். அது உண்மைதான், ஆனால் ஒரு கோடு தேர்ந்த கையிலிருந்து வந்ததா என்பதை, கோடு போட்டே வாழ்பவனால் சொல்ல முடியும். கதை எழுதியவரின் பெயரை அச்சிட்டுவிட்டு, படத்தை 'இடம் நிரப்பத்தானே' என்று சொல்லி என் பெயரை விட்டுவிட்ட இதழும் உண்டு. ஆகவேதான் இந்தப் படங்களை யாரேனும் அற்பமாகப் பேசினால் எனக்கு வலிக்கிறது.

பெரும்பாலான சில்லுகளில் படத்தோடு எழுத்து எதுவும் இல்லை. அவை வாய்மொழிக் கதைகளுக்கான படங்கள் என்று சிலரும், மேல்தட்டினரைக் கேலி செய்தவை என்று சிலரும் கருதுகிறார்கள். எனக்கு முதல் கருத்தே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் வாத்துகளை மேய்க்கும் பூனை, சில்லுகளில் மட்டுமன்றி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் சுருளிலும், மானோடு பலகை விளையாடும் சிங்கத்தோடு சேர்ந்து வருகிறது. பலரும் அறிந்த கதையாக இல்லாவிட்டால், அதே காட்சியைக் கல்லிலும் சுருளிலும் தனித்தனியே வரைந்திருக்க மாட்டார்கள்.