மேன்பவர் வேலையில் முதலாளி யார்?

வேலை, ஒப்பந்தம், தொழிற்சாலைகள் பற்றித் திருகோணமலை உறவுகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, வேலை கம்பனிக்குள்ளே, சம்பளம் தருவது ஆட்களைக் கொடுக்கும் மேன்பவர்காரர். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கேட்டால் "நீ கம்பனி ஆள் இல்லை" என்கிறார்கள்.

அந்தப் பதிலை ஏற்காதீர்கள் தம்பி. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்று ஆட்களைப் பிரிப்பதில்லை. வேலைக்கு எடுத்தவர் மட்டுமல்ல, யாருக்காக எடுத்தாரோ அவரும் அதில் முதலாளிதான். உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், ஈ.டி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) அவர்கள் இன்னொரு 3 வீதம். 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடம் 3,200 கழித்து, அவர்கள் 4,800உம் 1,200உம் போட வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கழித்த காசைக் கட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. உழைத்தவனின் முதுமைக் காசில் கை வைப்பது அது. பி கார்ட், அதாவது ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டை, கேளுங்கள். தராவிட்டால் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், வாசல் பாஸ் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: வெளிநாட்டு பிராண்டுகள் தைக்கிற வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்தால், அங்கே நடப்பதற்கு அவர்கள் எப்படிப் பொறுப்பு?

வங்காளதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தை நினைத்துப் பாருங்கள் தங்கச்சி. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது. மேலே தைத்தவர்களை மட்டும் மறுநாளும் வரச் சொன்னார்கள். 24ஆம் திகதி காலை இடிந்து, 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். இடிபாடுகளில் ஐரோப்பிய பிராண்டுகளின் லேபிள்கள் கிடந்தன. விலையைக் குறை, நாளைக்கே அனுப்பு என்று நெருக்குகிறவருக்கு, அந்த நெருக்கடி யார் தலையில் விழுகிறது என்பதில் பங்கில்லையா? அதற்குப் பிறகுதான் பல பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஜெர்மனியிலும் 2023இலிருந்து இதற்கெனச் சட்டம் இருக்கிறது. நல்ல மனசை நம்பி இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

மூதூரிலிருந்து ஒரு ஐயா: சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய மின்சாரம் என்றால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது நல்ல விஷயம், ஐயா. சாம்பலும் சூடான கழிவுநீரும் கொட்டியார் குடாவுக்குப் போயிருந்தால் மீனவர் கதி என்ன? சூரிய மின்சாரத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் 2006இல் இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக முகாம்களில் கிடந்து காணிக்குத் திரும்பிய சனம் அது. எந்தத் திட்டமாக இருந்தாலும் யாருடைய காணி, மேய்ச்சல் நிலம் போகிறதா என்று முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு அக்கா: ஐந்து வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது நிறுத்திவிட்டுப் புதுக் கடிதம் தருகிறார்கள்.

பணிக்கொடையை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய காசை, தவிர்க்கத்தான் அக்கா. 15 பேருக்குக் குறையாமல் இருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் தர வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழைய கடிதம் ஒன்றையும் எறிய வேண்டாம். புதுக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்னர் அவற்றைத் தொழில் அலுவலகத்தில் காட்டுங்கள்.