கொரோனால மூடுன ஸ்கூல தொறந்த விஷயத்துல டாக்டருங்கள எதிர்த்து கேள்வி கேக்கலாமா?

தாராளமா கேக்கலாம்பா. 2021 ஜூலைல ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதோட அப்போதைய தலைவர் பல்ராம் பார்கவா இன்னா சொன்னாரு, சின்ன புள்ளைங்களுக்கு வைரஸ் ஒட்டிக்கிற ஏஸ்2 ரிசெப்டார் கம்மி, தொறந்தா ப்ரைமரிய மொதல்ல தொறங்கன்னாரு. நம்ம தமிழ்நாட்டுல அப்டியே தலகீழ், செப்டம்பர் 1ல 9லேந்து 12 வரைக்கும்தான், ஒண்ணாங்கிளாஸுக்கு நவம்பர் 1 ஆயிடுச்சு. இத்தனைக்கும் கவர்மெண்டும் டாக்டருங்கள கேட்டுதான் பண்ணோம்னாங்க! அப்போ எந்த டாக்டர் பேச்ச கேக்கறது?

வைரஸ் எப்டி பரவும்னு அவங்க சொல்லட்டும், அதுல நான் வாய தொறக்க மாட்டேன். ஆனா எங்க காசிமேட்டுல ஒரே ரூம்ல ஆறு பேரு, வூட்டுக்கே ஒரு போனு, அதையும் அப்பா விடிகாலைல ஹார்பருக்கு எடுத்துனு போயிட்டா புள்ள ஆன்லைன் கிளாஸ எதுல பாக்கும், இந்த கணக்கு எங்க அம்மாங்களுக்குதான் தெரியும், அவங்களையும் ஒக்கார வெச்சு கேட்டிருக்கணும்.