பில் எண்ணுக்காகக் காத்திருக்கும் கவுன்டர்கள்: தரவுத்தள வேகம் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, வியாபார மென்பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம் நாளடைவில் மந்தமாகிவிடுவதைப் பற்றியவை. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடம் கருதிக் கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் இருப்புக் கணக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயங்குகிறது. தொடக்கத்தில் சில நொடிகளில் வந்த மாத இருப்பு அறிக்கைக்கு இப்போது நான்கு நிமிடம் ஆகிறது. ரேமை இரட்டிப்பாக்குங்கள், இல்லையென்றால் புதிய சர்வர் வாங்குங்கள் என்கிறார் சர்வரை விற்றவர். வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். புதிய சர்வர் வந்தால் நான்கு நிமிடம் இரண்டு நிமிடமாகக் குறையலாம். ஆனால் அந்த அறிக்கை தேவையில்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே இருக்கும். பதிவுகள் பெருகப் பெருக அந்த இரண்டு நிமிடம் மறுபடியும் நான்காகும். தரவுத்தளம் எந்த வேலையில் நேரத்தைச் செலவிடுகிறது என்பதை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கு போஸ்ட்கிரெஸுடன் சேர்ந்தே வரும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்து, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, தரவுத்தளத்தில் நீட்சியை உருவாக்கிக்கொண்டால், அன்று முதல் ஒவ்வொரு வினவலும் (மென்பொருள் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும்) எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அது எண்ணிக்கொண்டே வரும். ஒரு வாரம் ஓடவிட்டு, மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். சராசரி நேரத்தின்படி வரிசைப்படுத்தினால் உங்கள் நான்கு நிமிட அறிக்கைதான் முதலில் நிற்கும். ஆனால் ஐந்து மில்லிநொடி மட்டுமே எடுக்கும் ஒரு சின்ன வினவல் ஒரு லட்சம் முறை ஓடியிருந்தால், அது எட்டு நிமிடத்துக்கு மேல் விழுங்கியிருக்கும், அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அடுத்து, அந்த அறிக்கையின் வினவலுக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் அனலைஸ் என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். இது வினவலை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும் கட்டளை என்பதால், பதிவுகளை மாற்றும் அல்லது அழிக்கும் வினவல்களோடு இதைக் கவனமில்லாமல் பயன்படுத்தக் கூடாது. வரும் விடையில் முதலில் பார்க்க வேண்டியது, பெரிய அட்டவணை முழுவதையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்து, படித்ததில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகிறதா என்பது.

இருப்பு அறிக்கைகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு தவறு உண்டு. பில் தேதியை மாதமும் வருடமும் கொண்ட எழுத்துச் சரமாக மாற்றி, அதை '03-2025' என்பதோடு ஒப்பிட்டு எழுதியிருப்பார்கள். பில் தேதிக்கு இன்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) இருந்தாலும், அது தேதியின் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. மாற்றி எழுதிய சரத்தின் வரிசையில் அல்ல. எனவே தரவுத்தளம் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதே நிபந்தனையை, தேதி 2025 மார்ச் 1 அல்லது அதற்குப் பின், 2025 ஏப்ரல் 1க்கு முன் என்று எழுதினால், இன்டெக்ஸில் மார்ச் தொடங்கும் இடத்துக்கு நேரே சென்று, அது முடியும் இடத்தில் நின்றுவிடும்.

அட்டவணையின் இரண்டு மூன்று நெடுவரிசைகள் சேர்ந்த இன்டெக்ஸ் என்றால் அவற்றின் வரிசையும் முக்கியம். வாக்காளர் பட்டியல் தெருவாரியாகவும் வீட்டு எண்வாரியாகவும் அச்சிடப்படுகிறது. தெரு தெரிந்தவர் உடனே பக்கத்தைத் திருப்பிவிடுவார். வீட்டு எண் மட்டும் தெரிந்தவர் முழுப் பட்டியலையும் புரட்டியாக வேண்டும். கிடங்கு, தேதி என்ற வரிசையில் அமைந்த இன்டெக்ஸ், கிடங்கைக் குறிப்பிடாமல் தேதியை மட்டும் கேட்கும் அறிக்கைக்குப் பெரும்பாலும் அதே அளவுக்குத்தான் உதவும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு படியிலும் எத்தனை பதிவுகள் வரும் என்று தரவுத்தளம் மதிப்பிட்டது, உண்மையில் எத்தனை வந்தன என்ற இரண்டு எண்கள். எந்த வழியில் தேடினால் செலவு குறைவு என்பதைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கணக்கிடும் முறையை, ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்துக்காக 1979இல் பட்ரீசியா செலிஞ்சரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள்; இன்றைய தரவுத்தளங்களும் பெரும்பாலும் அந்த அடிப்படையிலேயே முடிவெடுக்கின்றன. புள்ளிவிவரம் பழையதாக இருந்தால் முடிவும் தவறும். ஒரு பதிவுதான் வரும் என்று நம்பி ஒவ்வொன்றாகத் தேடும் வழியைத் தேர்ந்தெடுத்த பிறகு எண்பதாயிரம் பதிவுகள் வந்து நின்றால், அந்தத் தேடல் எண்பதாயிரம் முறை நடக்கும். அந்த அட்டவணைக்குப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஒருமுறை கொடுப்பதிலேயே இத்தகைய சிக்கல்கள் பல நேரங்களில் தீர்ந்துவிடுகின்றன.

புதிய இன்டெக்ஸ் தேவை என்று தெரியவந்தால், வேலை நேரத்தில் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்காமல் உருவாக்காதீர்கள். அது இல்லாமல் உருவாக்கினால், முடியும்வரை அந்த அட்டவணையில் யாராலும் எதையும் எழுத முடியாது. இவ்வளவும் செய்த பிறகும் வட்டைப் படிப்பதிலேயே நேரம் போகிறது என்று தெரிந்தால், அப்போது தாராளமாக ரேம் வாங்கலாம்.

கேள்வி: மாலை நேரங்களில் எங்கள் பில்லிங் கவுன்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்துபோகின்றன. சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் சர்வரைப் பார்த்தால் சிபியு ஐந்து சதவீதம்கூட இல்லை. நெட்வொர்க்கும் நன்றாக இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: சிபியு சும்மா இருப்பதே உங்களுக்குக் கிடைத்த பெரிய தடயம். வேலை அதிகமாகித் திணறும் சர்வர் அல்ல அது. எல்லோரும் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் இதே சிக்கலைப் பார்த்தேன். உறைந்திருக்கும் நேரத்தில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியைத் திறந்தபோது, பதினோரு இணைப்புகள் பூட்டுக்காகக் காத்திருந்தன (ஒரு பதிவை ஒருவர் மாற்றி முடிக்கும்வரை மற்றவர்கள் அதை மாற்றாமல் தடுப்பதே பூட்டு). அவற்றைத் தடுத்துக்கொண்டிருப்பது யார் என்று பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற செயற்கூறைக் கேட்டால், சங்கிலியாகப் பின்தொடர்ந்ததில் பதினொன்றும் கடைசியில் ஒரே இணைப்பையே காட்டின. அந்த இணைப்பு எதையும் செய்யவில்லை. டிரான்சாக்ஷனை (முழுதாக முடியவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய வேலைத் தொகுப்பை) திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பதாக அதன் நிலை சொன்னது. அது மூன்றாவது கவுன்டர். அங்கே பில்லை எழுதத் தொடங்கியிருந்த ஊழியர், வாடிக்கையாளர் கேட்ட மருந்து இருக்கிறதா என்று பார்க்கக் கிடங்குக்குப் போயிருந்தார்.

அந்த மென்பொருளில் 'புதிய பில்' பொத்தானை அழுத்தியவுடன் டிரான்சாக்ஷன் தொடங்கி, கடைசி பில் எண்ணை வைத்திருக்கும் ஒற்றைப் பதிவில் ஒன்றைக் கூட்டி, பிறகுதான் பில் திரையே திறக்கும். அந்தப் பதிவின் பூட்டு, பில் சேமிக்கப்படும்வரை விடுபடாது. ஒருவர் கிடங்குக்குப் போனால், மற்றவர்கள் அனைவரும் அவர் திரும்பி வரும்வரை அடுத்த எண்ணுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். 'அந்த ஆள் கம்ப்யூட்டரை ஏதோ பண்ணிவிடுகிறார்' என்று மூன்றாவது கவுன்டர்காரர் மீது பல மாதங்களாகப் பழி இருந்தது. தன் வேலையைச் சரியாகச் செய்த ஒருவர் அந்தப் பழியைச் சுமக்க நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

பில் எண்ணுக்கு, அடுத்தடுத்த எண்ணைத் தானாகத் தரும் தரவுத்தளத்தின் சீக்வென்ஸைப் பயன்படுத்தினால் இந்தக் காத்திருப்பு இருக்காதே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் டிரான்சாக்ஷன் ரத்தானாலும் சீக்வென்ஸ் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை, வரிசையில் இடைவெளி விழுந்துவிடும். ஜிஎஸ்டி விதி 46, பில்லுக்குத் தொடர் வரிசை எண் வேண்டும் என்கிறது. எனவே எண்ணை ஒரு பதிவில் வைத்துக் கூட்டுவதில் பிழையில்லை. கூட்டும் நேரத்தில்தான் பிழை. பில் முழுவதும் திரையில் நிரப்பப்பட்டு, சேமி என்று அழுத்திய பிறகு டிரான்சாக்ஷனைத் தொடங்கி, பொருள் வரிகளையெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வேலையாக எண்ணைக் கூட்டி உடனே முடித்துவிட வேண்டும். பூட்டு சில மில்லிநொடிகளுக்கு மேல் நீடிக்காது. நான் சொன்ன நிறுவனத்தில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கவுன்டர்கள் உறையவில்லை.

உங்கள் மென்பொருளை உடனே மாற்ற முடியாதென்றால், டிரான்சாக்ஷனைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் துண்டிக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு முதல் இருக்கிறது. நாமாக இயக்கும்வரை அது வேலை செய்யாது. ஆனால் அது பாதி எழுதிய பில்லோடு ஊழியரை வெளியேற்றும் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பூட்டுக் காத்திருப்புகளைப் பதிவேட்டில் எழுதும் அமைப்பையும் இயக்கிவையுங்கள். ஒரு நொடிக்கு மேல் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பது எழுத்தில் இருக்கும்.

கேள்வி: மூன்று ஆண்டுப் பழைய பதிவுகளை அழித்தோம். வட்டில் ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. ஏன்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போஸ்ட்கிரெஸில் அழிக்கப்பட்ட பதிவு உடனே வெளியேறுவதில்லை, இறந்த பதிவாக அங்கேயே கிடக்கும். வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தைப் புதிய பதிவுகளுக்கு உரியதாக்கும். அட்டவணையின் வால்பகுதி காலியாக இருந்தால் தவிர, இயங்குதளத்திடம் இடத்தைத் திருப்பித் தராது. வேக்யூம் ஃபுல் திருப்பித் தரும், ஆனால் அட்டவணையைப் புதிதாகப் படியெடுப்பதால் அதற்குக் கூடுதல் இடமும், முடியும்வரை முழுப் பூட்டும் தேவை. கடை மூடியிருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

தானியங்கி வேக்யூம், இயல்பு அமைப்பில், அட்டவணையின் 20 சதவீதத்தோடு 50 பதிவுகள் சேர்ந்து இறந்த பிறகே வேலையைத் தொடங்குகிறது. ஒரு கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையில் இருபது லட்சம் பதிவுகள் இறக்கும்வரை அது காத்திருக்கும் என்று பொருள். பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் இதை இரண்டு சதவீதமாகக் குறைத்துவையுங்கள். மதுரை வாசகருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: நெடுநேரம் திறந்தே கிடக்கும் டிரான்சாக்ஷன், அதற்குப் பின் இறந்த பதிவுகளை வேக்யூம் அகற்ற முடியாமல் தடுத்துவிடும்.

கேள்வி: 32 ஜிபி ரேம் உள்ள சர்வரில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் மட்டும்தான் ஓடுகிறது. ஆனாலும் வட்டு ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கிறது. மெதுவான வினவல்களின் பதிவேடும் காலியாக இருக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, வட்டிலிருந்து படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலின் அளவைப் பாருங்கள். யாரும் மாற்றாவிட்டால் அது 128 எம்பிதான். மீதி ரேமை அதனால் பயன்படுத்திக்கொள்ள முடியாது. மைஎஸ்கியூஎல்லுக்கு மட்டுமான சர்வர் என்பதால் 20 ஜிபியில் தொடங்கலாம். 5.7 பதிப்பு முதல் நிறுத்தாமலே மாற்றலாம். பதிவேட்டைப் பொறுத்தவரை, அது இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும் பத்து நொடிக்கு மேல் எடுக்கும் வினவல்களையே எழுதும். அதை ஒரு நொடியாக மாற்றுங்கள்.

கேள்வி: தரவுத்தள நிர்வாகியாக அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அன்றாடம் எவற்றைக் கண்காணிக்க வேண்டும்? (வாசகி, சென்னை)

பதில்: எல்லாம் நன்றாக இருக்கும் இந்த நாள்களிலேயே தொடங்கியிருப்பது நல்லது. சிக்கல் வரும் நாளில் நீங்கள் காணும் எண், வழக்கமானதா வழக்கத்துக்கு மாறானதா என்று சொல்ல, பழைய எண் கையில் இருக்க வேண்டும். பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் தரும் எண்கள் தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே வருபவை என்பதால், மணிக்கு ஒருமுறை அவற்றைத் தனி அட்டவணையில் நகலெடுத்து, அடுத்தடுத்த நகல்களின் வேறுபாட்டைப் பாருங்கள். காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை, மிகப் பழைய டிரான்சாக்ஷனின் வயது, இறந்த பதிவுகள், வட்டில் மிச்சமுள்ள இடம் ஆகியவற்றையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். நூறு பேரில் 99 பேருக்கு 20 மில்லிநொடியில் விடை வந்து, ஒருவர் பத்து நொடி காத்திருந்தால், சராசரி 120 மில்லிநொடி என்று வரும். அந்த எண்ணில் காத்திருந்தவரும் தெரியமாட்டார், காத்திராதவர்களும் தெரியமாட்டார்கள்.

ஒப்பிடும்போது நாளையும் கவனியுங்கள். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலின் கடைசி நாள் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலின் கடைசி நாள் 20ஆம் தேதி. உங்கள் கணக்குப் பிரிவு அந்த நாள்களை ஒட்டித்தான் பெரிய அறிக்கைகளை எடுக்கும். எனவே இம்மாதம் 10ஆம் தேதியின் எண்களை முந்தைய மாதம் 10ஆம் தேதியோடு ஒப்பிடுங்கள், நேற்றோடு வேண்டாம். அதே குறிப்பேட்டில், எந்த அமைப்பை எந்தத் தேதியில் எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு மாற்றினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.