இரவு ராணியின் கோபம்

கேள்வி: வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் ஹிந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டு இருப்பது தெரியும். அதே தட்டில் ஜெர்மன் ஓபரா பாடகி ஒருவரின் குரலும் இருக்கிறதாமே, யார் அவர்? (திருச்சி வாசகி ஒருவர்)

பதில்: எட்டா மோசர். 1938 அக்டோபர் 27 அன்று பெர்லினில் பிறந்தவர். தந்தை ஹான்ஸ் யோவாகிம் மோசர் ஜெர்மனியில் பெயர்பெற்ற இசை ஆய்வாளர். 1977இல் புறப்பட்ட இரண்டு வாயேஜர்களிலும் உள்ள அந்தத் தட்டு, செம்பின் மேல் தங்கம் பூசப்பட்டது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்ற மெதுவான வேகத்தில் ஓட வேண்டியது. அதிலுள்ள 27 இசைப் பதிவுகளில் ஒன்று, மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் இரவு ராணி பாடும் இரண்டாவது பாட்டு. வொல்ஃப்காங் சவாலிஷ் நடத்திய பவேரிய அரசு ஓபரா வாத்தியக் குழுவுடன் மோசர் 1972இல் பாடிய பதிவு அது. நீளம் மூன்று நிமிடம்கூட இல்லை.

மகள் பாமினாவின் கையில் கத்தியைத் திணித்து, தன் பகைவனைக் குறித்து 'ஸராஸ்ட்ரோவைக் கொல், இல்லையென்றால் நீ என் மகளே இல்லை' என்று தாயான இரவு ராணி சீறுகிற கட்டம் அது. 1791இல் மோட்சார்ட் இதைத் தம் மனைவியின் அக்கா யோசெஃபா ஹோஃபரின் குரலுக்காகவே எழுதினார். இதன் உச்ச ஸ்வரம் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை நம் கணக்கில் சொல்வதானால், 5 கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் மேல்ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இன்னும் ஒரு ஸ்தாயிக்கும் சற்று அதிகமாக ஏற வேண்டும். அந்த உயரத்தை எட்டும் குரல்கள் பெரும்பாலும் மெல்லியவை. ஸ்வரங்கள் கிண்கிணி மணிபோல் சுத்தமாக விழும், ஆனால் கொல்லச் சொல்லும் தாயின் கோபம் அதில் இருக்காது. மோசரின் குரலிலோ கனம் உண்டு. துண்டு துண்டாகத் தெறிக்கும் அந்த மேல் ஸ்வரங்களை அவர் அலங்காரமாகப் பாடாமல் வசவாகப் பாடுகிறார். சொற்களின் மெய்யெழுத்துகள் பல்லைக் கடித்துச் சொல்வதுபோல் கேட்கின்றன. ஜெர்மன் தெரியாத என் போன்றவருக்கும், யாரோ திட்டு வாங்குகிறார்கள் என்பது உடனே புரிந்துவிடும்.

கேள்வி: அந்த ஒரு பாட்டோடு அவர் புகழ் முடிந்துவிட்டதா? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை, ஆனால் வாயேஜர் மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது என்பது உண்மைதான். 1962இல் பெர்லினில் 'மேடம் பட்டர்ஃபிளை'யில் சில வரிகளே பாடும் கேட் பிங்கர்ட்டன் வேடத்தில் மேடையேறி, சிறு நகர அரங்குகளில் சில ஆண்டுகள் உழைத்த பிறகே பெரிய அழைப்புகள் வந்தன. 1968இல் புகழ்பெற்ற இசை நடத்துநர் கராயன் நடத்திய வாக்னர் ஓபராவின் மூலம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் அறிமுகமானார்.

அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ஹாம்பர்க்கில் நடந்தது தனிக் கதை. சே குவேராவின் நினைவுக்கு இசையமைப்பாளர் ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸ எழுதிய 'மெடுசாவின் தெப்பம்' என்ற படைப்பு அன்று அரங்கேற இருந்தது. மோசருக்கு அதில் மரணம் என்னும் பாத்திரம். மேடையில் மாணவர்கள் செங்கொடி கட்ட, அதன் கீழ் பாட மாட்டோம் என்று மேற்கு பெர்லினிலிருந்து வந்த பாடகர் குழு மறுக்க, காவல்துறை உள்ளே நுழைந்து, பாடல்களை எழுதிய எர்ன்ஸ்ட் ஷ்னாபலையும் சேர்த்துப் பலரைக் கைது செய்தது. கச்சேரி நடக்கவே இல்லை. வானொலியில் கேட்டவர்களுக்குக் கிடைத்தது முன்பே பதிவான ஒத்திகைதான். மோசரின் குரல் அதில் பிழைத்திருக்கிறது.

பின்னாளில் கொலோன் இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 2006இல் ஜெர்மன் மொழிக்கென்றே ஒரு விழாவைத் தொடங்கினார். மெய்யெழுத்துகளை அப்படி உச்சரித்தவர் மொழிக்கு விழா எடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: ஓபரா கேட்டுப் பழக்கமில்லாதவர் மோசரை எங்கிருந்து தொடங்கலாம்? (அதே மதுரை வாசகர்)

பதில்: இரவு ராணியைக் கேட்டாயிற்று என்றால், மோட்சார்ட்டின் ஓபராவை வைத்து ஜோசஃப் லோசி 1979இல் எடுத்த 'டான் ஜியோவன்னி' திரைப்படத்தைப் பாருங்கள். தந்தையைக் கொன்றவன் யாரென்று அறிந்துகொள்ளும் டோனா அன்னாவாக மோசர் வருகிறார். அங்கும் அதே கனல், ஆனால் துக்கம் கலந்தது. கடைசியாக, வாக்னரின் ஓபராவான 'ரைன் தங்க'த்தைக் கராயன் நடத்திய பதிவின் தொடக்கம். ஒரே ஸ்வரக்கட்டில் நான்கு நிமிடங்களுக்கு மேல் வாத்தியங்கள் மெல்லப் பெருகிவர, நதிக்கன்னி ஒருத்தி பாடத் தொடங்குவாள். சற்று நேரத்தில் மேலிருந்து இன்னொருத்தி, 'தனியாகவா காவல் இருக்கிறாய்?' என்று கேட்பாள். அந்த இரண்டாவது குரல் மோசருடையது.