கொலுசுப் பட்டறை சர்வர்: ரேமை விட வட்டையே முதலில் பாருங்கள்

வணக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நாளொன்றுக்கு 500 கொலுசு ஆர்டர்களை, உருக்குவது முதல் மெருகேற்றுவது வரை 8 நிலைகளில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் பதிய 64 ஜிபி ரேம் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, 16 ஜிபி தாராளம். நிலைக்கு ஒரு வரி என்றால் நாளுக்கு 4,000 வரிகள். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸையும் சேர்த்து வரிக்கு 500 பைட் என்று வைத்துக்கொண்டாலும், 300 வேலை நாட்களுக்கு 600 எம்பிதான் ஆகும். இடத்தை விழுங்கப்போவது படங்கள். ஆர்டருக்கு 300 கேபி அளவில் இரண்டு படங்கள் என்றால் ஆண்டுக்கு 90 ஜிபி. அவற்றைத் தனிக் கோப்புகளாக வைத்து, டேட்டாபேஸில் பாதையை மட்டும் எழுதுங்கள்.

என் கவலையெல்லாம் வட்டைப் பற்றித்தான். எங்கள் பட்டறையின் பழைய சர்வரில், மாலை ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கணக்கு முடிக்கையில், வட்டு விளக்கு அணையாமல் எரியும். பார்கோடு அடித்தவர் கையில் கொலுசுப் பையுடன் திரையையே பார்த்து நிற்பார். ஒவ்வொரு கமிட்டும் (பதிவை உறுதிசெய்யும் கட்டளை) வட்டில் உண்மையிலேயே பதியும் வரை காத்திருக்க வேண்டும். 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கோ நொடிக்கு 120 முறைதான் சுழலும்; அதனால் ஒரே நேரத்தில் வரும் பதிவுகள் வரிசையில் தேங்கும். ஆகவே, ரேமில் மிச்சமாகும் பணத்தில், மின்தடையிலும் தரவைக் காக்கும் மின்தேக்கி கொண்ட எஸ்எஸ்டி இரண்டை வாங்கி, ஒரே தரவு இரண்டிலும் பதியும்படி மிரர் செய்யுங்கள். வேகத்துக்காக, தரவு வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்கை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். மிரர் பேக்கப் ஆகாது. இரவுதோறும் ஒரு நகல் பட்டறைக்கு வெளியே போகட்டும்.